ஆளில்லா விமானமும் அதற்குரிய பரீட்சையும்

சென்ற இதழில், பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் மேற்கொள்ளத்தக்க தொழிற்பயிற்சிகளைக் குறித்து எழுதியபொழுது, ‘ட்ரோன்’ என்று உலகம் வழங்கும் ஆளில்லா விமானத்தை இயக்கும் பயிற்சியையும் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். ஐ.டி.ஐ. படிப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதற்கு ஒரு கடிதமும் வரவில்லை. இந்த ஒரு வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்துவிட்டன!

அவற்றுள் ஒன்று, தாராவியில் வாழும் ஒரு தாயார் எழுதியது. கணவரை இழந்தவர், இட்லி விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். மகனுக்கு வயது 19. பத்தாம் வகுப்புத் தேறியபின் ஒரு கிடங்கில் பொட்டலம் பிரிக்கும் வேலைக்குச் சென்று வருகிறான். ட்ரோன் பயிற்சியில் சேர வேண்டும் என்று ஆறு மாதமாக மன்றாடுகிறானாம். வீட்டில் எஞ்சியிருப்பவை இரண்டு வளையல்கள். “அண்ணா, வளையலை அடகு வைப்பது எனக்குப் பெரிதன்று. இயந்திரத்தை ஓட்ட அவனுக்கு வந்துவிடும். கைவிரல் அத்தனை சுறுசுறுப்பு. ஆனால் அதற்கு எழுத்துப் பரீட்சை உண்டாமே! ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாமே! அதில் தேறுவானா என்பதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

ரயில்வே குமாஸ்தாவுக்கும் ஆகாயத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நம் சங்கத்து இளைஞர் இருவர் இப்பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கின்றனர். அவர்களுடைய குறிப்பேடுகளை வாங்கி வைத்துக்கொண்டு, சர்க்கார் விதிகளையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒரு மாத காலம் வாசித்தேன். விதிப்புத்தகம் வாசிப்பது ரயில்வேக்காரனுக்குப் புதிதன்று. வாசித்து முடித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான்: அப்பரீட்சை பொது விதிகளை ஒட்டி எங்கள் இலாகாவில் நடக்கும் பரீட்சைகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். விதியை உருப்போட்டவன் அதில் திணறுவான். விதி ஏன் பிறந்தது என்று கேட்டு வைத்தவன் எளிதில் தேறுவான்.

முதலில் சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் மத்திய சர்க்கார் ட்ரோன் விதிகளை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் செய்த திருத்தத்தால் ‘லைசென்ஸ்’ என்ற சொல் நீங்கி, ‘ரிமோட் பைலட் சர்டிபிகேட்’ என்ற பெயர் வந்தது. 18 வயது நிரம்பி, 65 வயதைத் தாண்டாமல், பத்தாம் வகுப்புத் தேறியவர் எவரும் இதற்குத் தகுதியுடையவர். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயின்று தேற வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு இச்சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகையை வருவாய் கருதாது பறக்கவிடுவோருக்கும் தேவையில்லை. கலியாண வீட்டில் கூலிக்குப் படம் எடுப்பவருக்கும், வயலில் மருந்து தெளிப்பவருக்கும், நிலம் அளப்பவருக்கும் வேண்டும்.

முன்னர் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இதற்கு விண்ணப்பிக்க இயலாமல் தவித்தனர். 2023 செப்டம்பர்த் திருத்தம் அந்த முட்டுக்கட்டையை அகற்றிவிட்டது. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவையே போதும். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சிறு சலுகையன்று. ஆயினும் 2025 செப்டம்பரில் புதியதொரு ட்ரோன் மசோதாவின் வரைவு வெளியாயிற்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பணம் கட்டும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்று இயக்ககத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே கட்டுக.

அதே தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலும் உண்டு. பட்டியலில் இல்லாத நிலையம் எத்தனை பளபளப்பான சான்றிதழ் கொடுத்தாலும் அது சுவரில் மாட்டத்தான் உதவும். அங்கீகாரம் பெற்ற நிலையமே வகுப்பு நடத்தி, பரீட்சையும் நடத்தி, தேறியவருக்கு இயக்ககத்தின் வழியே சான்றிதழ் பெற்றுத் தருகிறது. 2021-ஆம் ஆண்டு விதிகள் சான்றிதழுக்கு விதித்த கட்டணம் 100 ரூபாயே. பயிற்சிக் கட்டணம்தான் பல்லாயிரத்தில் நிற்கிறது. வளையல்கள் போவது அங்கேதான்.

பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துப் படிக்கும் பாடங்களுள் பெரும்பகுதி அமெரிக்கப் பாடம் என்பதைப் பெற்றோர் அறிதல் நலம். அந்நாட்டில் 2016 முதல் நடைபெறும் பரீட்சை வேறு. அங்கே 16 வயதிலேயே எழுதலாம். 60 வினாக்கள், 2 மணி நேரம், நூற்றுக்கு 70 எடுத்தால் தேர்ச்சி. 24 மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பாடம் படித்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வான்வெளியை ஆங்கில எழுத்துகளால் வகுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். காற்றும் மின்கலமும் எந்நாட்டுக்கும் பொது. அவற்றை அங்கிருந்து படிக்கலாம். சட்டத்தை மட்டும் அங்கிருந்து படித்தல் ஆகாது. மாதுங்கா நிலையத்தில் இறங்க வேண்டியவன் கல்யாண் கால அட்டவணையைப் பார்த்த கதையாகிவிடும்.

இனி, ‘ஏன்’ என்று கேட்டுப் படிப்பது எவ்வாறு என்பதற்கு வருகிறேன்.

பச்சைப் பகுதியில் 400 அடி, அஃதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். இதை உருப்போட ஒரு நிமிஷம் போதும். ஏன் 400? ஆள் ஏறிய விமானங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை. இடையில் 100 அடி வெற்றிடம் கிடக்கிறது. ரயில் பாதையில் இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொரு வண்டிக்கு ‘லைன் கிளியர்’ கொடுக்கமாட்டோம். அந்த வெற்றிடம் வீணன்று. அதுவே உயிர் காப்பது. வானத்திலும் அவ்வாறே.

விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் அந்த 400 அடி 200 அடியாகக் குறைகிறது. இன்னும் நெருங்கினால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டினரின் அனுமதியின்றித் தரையை விட்டே எழும்பலாகாது. அதற்கும் உள்ளே சிவப்பு. மத்திய சர்க்காரின் அனுமதியின்றி அங்கே பறத்தலே இல்லை. இறங்கும் விமானம் ஓடுதளத்தை நெருங்க நெருங்கத் தாழ்ந்து வருகிறதல்லவா? அதற்கு ஏற்பக் கீழே இருப்பவனுடைய கூரையும் படிப்படியாகத் தாழ்கிறது. இந்தப் படிக்கட்டைத் தாளில் ஒருமுறை வரைந்து பார்த்த பிள்ளை, வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் மயங்கமாட்டான்.

நாம் வாழும் மும்பை நகரமோ விமான நிலையத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஜூஹுவில் ஹெலிகாப்டர்கள் இறங்குமிடம், டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம், தெற்கே கடற்படைத் துறைமுகம் என்று எங்கும் தடை. போதாக்குறைக்குக் காவல்துறையும் அவ்வப்போது நகரம் முழுவதற்கும் ட்ரோன் தடை ஆணை பிறப்பிக்கிறது. 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. இத்தகைய புதிய நிலையம் ஒன்று வந்தால், நேற்றுவரை பச்சையாக இருந்த இடம் இன்று மஞ்சளாகலாம். ஆகவே பறக்கவிடுமுன் அன்றைய வரைபடத்தைப் பார் என்பதே சரியான விடை. ‘போன மாதம் இங்கேதான் பறக்கவிட்டேன்’ என்பது பரீட்சையிலும் செல்லாது, காவல் நிலையத்திலும் செல்லாது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி மீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நானோ ஒழிந்த ஏனையவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும்.

பறத்தலின் தத்துவத்தைக் கண்டுதான் பிள்ளைகள் மிகவும் அஞ்சுகின்றனர். அச்சத்துக்கு இடமில்லை. நான்கு விசிறிகள் உள்ள ட்ரோனில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. ஏன்? சுவரில் துளையிடும் மின்கருவியை இறுகப் பிடிக்காவிட்டால் அது நம் கையையே எதிர்ப்புறம் முறுக்கும். விசிறி ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்ப முயலும். நான்கும் ஒரே திசையில் சுழன்றால் ட்ரோன் பம்பரமாகிவிடும். இரண்டுக்கு இரண்டு எதிரெதிராக நின்று அம்முறுக்கை அழித்துக்கொள்கின்றன. முகத்தைத் திருப்ப வேண்டுமா? மூலைக்கு மூலை எதிரே நிற்கும் ஒரு ஜோடியின் வேகத்தைக் கூட்டி மற்ற ஜோடியின் வேகத்தைக் குறைத்தால் போதும். இதைத் தமிழில் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லத் தெரிந்தவன், ஆங்கில வினாவில் இரண்டு சொல்லைக் கண்டாலே விடையைக் கண்டுகொள்வான்.

மின்கலத்தில் சிறு கணக்கு வரும். லித்தியம் பாலிமர் அறை ஒன்றுக்குப் பெயரளவு 3.7 வோல்ட், முழுதும் ஏற்றினால் 4.2. ஆறு அறை தொடராக உள்ள மின்கலம் பெயரளவில் 22.2 வோல்ட், நிரம்பினால் 25.2. பெருக்கல் வாய்பாடு தெரிந்தால் தீர்ந்தது. உப்பிப்போன மின்கலத்தை என்ன செய்வது என்று கேட்டால், அதைப் பயன்படுத்தலாகாது என்பதே விடை. பிள்ளைகளே, வீட்டிலும் அதுவே விடை.

காற்றைப் பற்றிய பாடத்தில் நமக்கொரு பிறவிச் சலுகை உண்டு. விமானக் கலையில் காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையால் அதைக் குறிப்பர். எத்திசைக்குச் செல்கிறது என்பதால் அன்று. மற்றவர்கள் இதைத் தலைகீழாக எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று வழங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுமா? காற்றின் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வர். 1 நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். வெப்பம் மிகுந்தால் காற்று அடர்த்தி குறையும். விசிறிக்குப் பிடிப்புக் குறையும். சித்திரை வெயிலில் விதர்ப்பத்துப் பருத்திக் காட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு மருந்து சுமந்து எழும்பும் ட்ரோன், அதிகாலையில் எழும்பியதைப் போல எழும்பாது. இது பரீட்சை வினாவும் ஆகும். பிற்காலத்தில் பிழைப்புக்குரிய செய்தியும் ஆகும்.

ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு இடங்களில் ஏற்றம் உண்டு. ஒன்று, 24 மணிக் கடிகாரம். பிற்பகல் 2 மணியை 14.00 என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். விமானத்துறை உலகப் பொது நேரத்தைக் கொள்கிறது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது கிடைக்கும். நமக்கு 14.00 என்றால் அவர்களுக்கு 08.30. மற்றொன்று, தொலைபேசி ஒழுக்கம். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்குச் செய்தி சொல்லும்போது ரகசிய எண்ணைப் பரிமாறி உறுதி செய்துகொள்வது நாம் அறிந்ததே. வானொலியில் கட்டளை பெறுபவனும் பெற்றதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆல்பா, பிராவோ, சார்லி என்று எழுத்துகளுக்குப் பெயர் வைத்ததும், ஒன்பதை ‘நைனர்’ என்று சொல்வதும் விளையாட்டுக்கன்று. இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழலாகாது என்பதற்காகவே.

ஓடுதள எண்ணும் அப்படித்தான். மும்பையின் பெரிய ஓடுதளத்தின் ஒரு முனை 09, மறுமுனை 27. திசைகாட்டியில் 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. கடைசிச் சுழியை நீக்கினால் ஓடுதள எண். இரண்டுக்கும் வேறுபாடு 18. சென்னையின் 07-க்கு மறுமுனை எது என்று கேட்டால், 18-ஐக் கூட்டி 25 என்று நொடியில் சொல்லலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி அத்தாயார் கொண்ட அச்சம் பொருளற்றதன்று. இவ்வூர்ப் பயிற்சி நிலையங்களில் வகுப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடைபெறுகிறது, வினாத்தாள் ஆங்கிலம். ஆயினும் இப்பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் ஓரிரு நூறுதாம். நம் சங்கத்து இளைஞர் ஒருவருடைய குறிப்பேட்டை நான் மெச்சுகிறேன். இடப்பக்கத்தில் சொல், வலப்பக்கத்தில் தமிழில் இரண்டு வரி விளக்கம், கீழே ‘ஏன்?’ என்று ஒரு கோடு. தாளுக்கு ஐந்து சொல்லாக நாற்பது நாளில் முடித்திருக்கிறார். அதற்குப் பணமும் செலவாகவில்லை. விதிகள் சர்க்கார் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆகவே, சகோதரி, தங்கள் கேள்விக்கு என் விடை: தங்கள் மகன் தேறுவான். ஆனால் வளையலை இன்று எடுக்க வேண்டாம். கிடங்கு வேலையை விடாமல், இரவில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு மாதம் அக்குறிப்பேட்டை எழுதட்டும். எழுதி முடித்தபின் தங்களை எதிரே உட்கார வைத்து, விமான நிலையத்துப் படிக்கட்டையும் நான்கு விசிறியையும் தங்களுக்குப் புரியும்படி சொல்லட்டும். இட்லித் தட்டு கழுவிக்கொண்டே கேளுங்கள். தங்களுக்குப் புரிந்தால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் ஒரு வளையல் போகட்டும், மற்றொன்று இருக்கட்டும்.

மற்றொன்றை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், பரீட்சை தேறுவது வேறு, வேலை கிடைப்பது வேறு. சான்றிதழ் குறிப்பிட்ட வகைக்கும் எடைக்கும் உரியது. எந்த வகைக்குப் பயிற்சி அளிக்கிறார்கள் என்று சேருமுன் கேட்டறிய வேண்டும். மருந்து தெளிக்கும் ட்ரோன் சொந்தமாக வாங்க லட்சங்கள் வேண்டும். கூலிக்கு இயக்கப் போனாலோ பருவத்தை ஒட்டியே வேலை. நில அளவை செய்யும் கம்பெனிகளில் ஊர் ஊராக அலைய வேண்டிவரும். இவற்றை அறிந்து இறங்குபவனை நான் தடுக்கமாட்டேன். ‘தேறியவுடன் ஐம்பதாயிரம் சம்பளம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களை நம்பி இறங்குபவனைத் தடுப்பேன். மகள்களை உடைய பெற்றோருக்கும் ஒரு சொல்: பெண்களின் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் அளிக்கும் திட்டத்தை மத்திய மந்திரி சபை 2023 நவம்பரில் ஏற்றது. இது ஆண்பிள்ளைப் படிப்பு என்று ஒதுக்க வேண்டா.

பதினொரு கடிதங்களுள் மூன்றில் வேறொரு கேள்வி இருந்தது. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணன் பெட்டியில் ஒரு ட்ரோன் கொண்டுவந்து தரலாமா, அதில் பழகலாமா என்று. வேண்டாம். 2022 பிப்ரவரி 9-ஆம் நாள் முதல் முழு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தல், ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய விலக்குகள் தவிர, தடை செய்யப்பட்டிருக்கிறது. சுங்கச் சாவடியில் அண்ணன் நிற்க நேரும். கணினியில் பழகும் மென்பொருள்கள் உண்டு. கைப்பழக்கத்துக்கு முதலில் அவை போதும்.

கடைசியாக ஒன்று, விண்ணப்பம் எழுதுமுன் கவனிக்க வேண்டியது. நம்மவர் பெயரில் முன்னெழுத்து நிற்கும். இவ்வூர்ப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். பள்ளி மதிப்பெண் பட்டியலில் ‘மு. செல்வம்’, ஆதாரில் ‘செல்வம் முருகன்’, ரேஷன் அட்டையில் ‘செல்வம் முருகன் நாடார்’ என்றிருந்தால் மூவரும் ஒருவரே என்று எந்த அலுவலகமும் எளிதில் ஒப்பாது. குமாஸ்தாவாகிய நானே ஒப்பமாட்டேன். குறிப்பேடு எழுதும் அந்த இரண்டு மாதத்திலேயே பெயர்களை ஒன்றாக்கிக்கொள்க. எப்படி எழுதுவது என்று அறியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குமேல் மூல மதிப்பெண் பட்டியலுடன் சங்கத்துக்கு வரலாம். மனு எழுதித் தருகிறேன்.